நான் கட்டிய பக் மில் மோட்டார்

விருத்தாசலத்தில் எந்தப் பீங்கான் யூனிட்டுக்கு வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். மோட்டார் எரிந்துபோனால் யாரிடம் கொண்டுபோவீர்கள் என்று கேட்டால், ஜங்ஷன் ரோட்டுக் காயில்கார அம்மாவிடம் என்பார்கள். அது நான்தான். படித்தது அஞ்சாங் கிளாஸ். இன்றைக்கு எனக்கு இரண்டு கடை இருக்கிறது. என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மாடியோடு சொந்த வீடு இருக்கிறது. பெண்ணாடத்துப் பக்கமிருந்தும் வேப்பூர்ப் பக்கமிருந்தும் மோட்டாரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு என்னைத் தேடி வருகிறார்கள். தற்பெருமை என்று யாராவது சொன்னால், ஆமாம், பெருமைதான் என்று சொல்லிவிடுவேன். என் கையால் சம்பாதித்ததை நான் சொல்லாமல் வேறு யார் வந்து சொல்வார்கள்?

ஆனால் இந்தத் தொழிலை நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன மோட்டாருக்குள் இருக்கிற செம்புக் கம்பியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, பழையபடி ஓட வைக்கிற வேலை. ஜங்ஷன் ரோட்டில் தகரக் கூரை போட்ட கடை. அவரும், அவரைவிட வயதில் சின்னவனான ஒரு கூட்டாளியும் சேர்ந்து வைத்திருந்தார்கள். எண்பதுகள் முடிகிற சமயம். ஒரு நாள் வேப்பூருக்கு மோட்டார் பார்க்கப் போனவர் மெட்ராஸ் ரோட்டைத் தாண்டும்போது லாரி அடித்துச் செத்துப்போனார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

நான் அழவில்லை.

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலியேடி இவளுக்கு" என்று பந்தலிலேயே பேசினார்கள். காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி. அழக் கூடாது என்று நான் ஒன்றும் வைராக்கியம் பிடிக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வெந்நீரை எடுத்து மேலே ஊற்றிக்கொண்டு, தோல் சிவந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் சூடு அதிகம் என்று தெரிந்துகொண்டேன்.

காரியம் முடிந்ததும் திட்டக்குடியிலிருந்து வந்திருந்த என் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இங்க தனியா கெடந்து என்னா பண்ணப் போற? நம்ம வூட்டுக்கு வந்துடு. மூணு வேள சோறு, படுக்க ஒரு எடம். ஒனக்கு அண்ணன் இல்லியா?"

அண்ணன் நல்லவர். அவர் சம்சாரமும் நல்லவள்தான். ஆனால் அந்த வீட்டில் எனக்கு எந்த இடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு மூலை உண்டு. எங்கள் அத்தை ஒருத்தி புருசன் செத்து வந்து, அந்த மூலையில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உடைத்து உடைத்தே வயசாகிச் செத்துப்போனாள். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. யாரும் அவளிடம் ஒன்றும் கேட்டதுமில்லை. எனக்கு அப்போது பயமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. அந்த மூலைக்குப் போகக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

"வருசத் தெவசம் முடியட்டும்ண்ணா" என்றேன்.

"சரி. முடிஞ்ச கையோட வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்றார்.

கடையில் வீட்டுக்காரரின் சட்டை ஒன்றும் சாப்பாட்டுக் கேரியரும் கிடந்தன. அதை எடுத்துவரப் போனேன். கூட்டாளிப் பையன், பையன் என்ன பையன், இருபத்தஞ்சு வயது ஆம்பளை, தனியாக உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். சொந்தம் கிடையாது, ஆனாலும் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். நான் அவனைத் தம்பி என்பேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம் என்று உச்சுக் கொட்டவும் இல்லை.

"அண்ணி, இந்த நுனிய செத்தப் புடிங்க. நழுவிக்கிட்டே இருக்குது" என்றான்.

பிடித்தேன். கைப்பிடி போட்ட ஒரு சின்ன மெஷின். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் மர அச்சின் மேல் கம்பி ஒரு சுற்று ஏறும். எத்தனை சுற்று என்று காட்டுகிற மீட்டர் அதில் உடைந்துபோயிருந்தது. வாயால்தான் எண்ண வேண்டும். அவன் எண்ணிக்கொண்டே சுற்றினான். நடுவில் டீக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று கிளாஸைக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினவன், "ச்சே, எண்ணிக்க வுட்டுட்டேன். அறுத்துட்டு மொதல்லேருந்துதான் சுத்தணும்" என்றான்.

"நாப்பத்திரெண்டு" என்றேன்.

என்னை அறியாமல் நானும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்தான். பிறகு நாற்பத்து மூன்று என்று ஆரம்பித்துச் சுற்றினான். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தவரைக்கும் லாரி, ரோடு, துணி போட்டு மூடின உடம்பு ஒன்றும் எனக்குள் வரவில்லை. சட்டையையும் கேரியரையும் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். மறுநாள் அதை எடுக்கப் போனேன். அதற்கு மறுநாள் எதையும் எடுக்கப் போகவில்லை, சும்மா போனேன்.

அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அவன் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தருகிற பொறுமையெல்லாம் அவனுக்குக் கிடையாது. "அத எடுங்க, இத வெட்டுங்க" என்பான், வெட்டுவேன். தப்பாக வெட்டினால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி வெட்டச் சொல்வான். எரிந்த மோட்டாரை உளி வைத்து வெட்டி, பழைய கம்பியைக் கொத்துக் கொத்தாக உருவ வேண்டும். உருவும்போதே எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். உள்ளே சுற்றிவர இருக்கிற காடிப் பள்ளங்களைச் சுரண்டி, ஒவ்வொரு காடியிலும் தடித்த காகிதத்தை மடித்துச் செருகி, அதற்குள் புதுக் கம்பியை ஒவ்வொரு இழையாக இறக்க வேண்டும். மேலே மூங்கில் சிம்பைச் சீவி ஆப்பாக அடிக்க வேண்டும். காகிதம் விரலைக் கிழிக்கும். மூங்கில் சிலாம்பு ஏறும். எனக்கு வலி தெரியவில்லை. இரத்தத்தைப் பார்த்துவிட்டு அவன்தான், "அண்ணி, கம்பியில படப் போவுது, தொடைங்க" என்பான்.

காயிலின் தலைப்பைக் கயிறு போட்டு இறுக்குகிற வேலையை மட்டும் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கோயில் வாசலில் பூ கட்டி விற்றவள் நான். பூ கட்டுகிற அதே முடிச்சைப் போட்டேன். அவன் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. இன்றைக்கு வரைக்கும் என் கடையில் அந்த முடிச்சுதான். மற்ற கடைக்காரன் கட்டின மோட்டாரையும் நான் கட்டின மோட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து எது என்னுடையது என்று சொல்லிவிடலாம்.

கட்டி முடித்த காயிலில் வார்னிஷ் ஊற்றிக் காய வைக்க வேண்டும். மற்ற ஊரில் அதற்குள் பல்பைத் தொங்கவிடுவார்கள். எங்கள் ஊரில் அது தேவையில்லை. எந்த யூனிட்டு மோட்டாரோ அந்த யூனிட்டின் சூளையிலேயே, கப்பும் சாசரும் இறக்கி முடித்து ஆறிக்கொண்டிருக்கிற மேடை மேல் கொண்டுபோய் வைத்துவிடுவோம். ஒரு பொழுதில் கல் மாதிரி காய்ந்துவிடும்.

ரோட்டில் போகிறவர்கள் பார்க்காமல் இல்லை.

"என்னடா, கடையில அண்ணி சோறு பொங்குறாங்களா, கம்பி பொங்குறாங்களா?" என்று டீக்கடையில் தம்பியைக் கேட்பார்கள்.

"ரெண்டும்தான். ஒனக்கு எது வேணும், கரண்டி நெறய போடச் சொல்றேன்" என்பான்.

முதலில் நான் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் கட்டினேன். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் அவன் கட்டினதாக நினைத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் சந்தோசமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் வேலை என்னுடையதுதான் முந்தியது. அவன் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடுவான். எனக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் தப்பாது. அந்த ஒரு வருசத்தில் எனக்குக் கை தேறினாற்போல இந்தத் தொழிலில் யாருக்கும் தேறியிருக்காது. இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் சொல்வேன்.

வருசத் தெவசம் நெருங்கியபோது தம்பிக்குத் துபாய் விசா வந்தது.

அவன் அதைச் சந்தோசமாகச் சொல்லவில்லை. இடுக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "கடைய வேப்பூர்க்காரர் ஒருத்தரு கேக்குறாரு அண்ணி. மெஷின், அச்சு, வாடக எல்லாத்தயும் அவரே பாத்துக்குவாராம்."

நான் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்குக் குடுக்கத்தான் எனக்கு ஆச. அண்ணன் பங்கு இதுல பாதி இருக்குது. ஆனா எவனும் மோட்டார் கொண்டாரலன்னா பூட்டத் தொறந்து வெச்சிக்கிட்டு என்னா பண்ணுவீங்க? பீங்கான் எஸ்டேட்டுல ஒரே ஒரு மொதலாளி, இது ஒங்க கை வேலன்னு தெரிஞ்சே ஒரு மோட்டார மாட்டிக்கிட்டார்னா போதும். மத்தவன்லாம் பின்னாடியே வந்துடுவான். சாவிய ஒங்ககிட்ட குடுத்துட்டு நான் பிளேன் ஏறிடுவேன். இல்லன்னா வேப்பூராருதான்."

ஆக விசயம் இவ்வளவுதான். சாவி வந்தால் கடை. வராவிட்டால் திட்டக்குடியில் அந்த மூலை.

தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டுக்காரர் பழைய பக் மில் ஒன்றை விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். பக் மில் என்பது களிமண் பிசைகிற மெஷின். மேல்வாயில் மண்ணைப் போட்டால், உள்ளே திருகு சுற்றி, காற்றையெல்லாம் பிழிந்து, முன்வாய் வழியாக மண்ணைக் கட்டியாக வெளியே தள்ளும். அதன் மோட்டார் எரிந்து கிடந்தது. தம்பி போய், "அண்ணிதான் கட்டுவாங்க" என்று நேராகச் சொல்லிவிட்டான். முதலாளி யோசித்திருக்கிறார். "எவங்க கட்டுனா என்னா, ஓடுனா சரி" என்று கொடுத்துவிட்டார். தட்டியை எடுத்துவிட்டு, ரோட்டைப் பார்க்க உட்கார்ந்து அந்த மோட்டாரைக் கட்டினேன். அவர்கள் சூளை மேலேயே காய வைத்தேன்.

மாட்டுகிற அன்றைக்குக் காலையில் அண்ணன் வந்துவிட்டார். தெவசம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் என் டிரங்குப் பெட்டியைக் கட்டி, கையோடு கடைக்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"மத்தியானப் பஸ்ஸுக்குக் கெளம்பிடலாம்" என்றார்.

"ஒரு மோட்டார் மாட்டிட்டு வந்துடறேண்ணா."

"கடையில போயி வெத்தல வாங்கிட்டு வரேங்குற மாதிரி சொல்ற" என்று சிரித்தார்.

தம்பி கூட வரவில்லை. "நான் வந்தா நான் மாட்டுனதுன்னு ஆயிடும்" என்று அண்ணனுக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். மோட்டாரை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, டெஸ்ட் பல்பையும் கட்டிங் பிளேயரையும் பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் நடந்தேன்.

யூனிட்டில் பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. பக் மில்லுக்கு மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். முதலாளி, தாம்பாளத்தோடு அவர் சம்சாரம், நாற்காலியில் அவருடைய அம்மா, மண் அள்ளுகிற ஆட்கள், அவர்களுக்கு மேலே ஒரு மேஸ்திரி. நான் மோட்டாரை இறக்கி, போல்ட்டு முடுக்கி, மூன்று வயரையும் கொடுத்தேன். மேஸ்திரி அதற்குள் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"பெல்ட்ட இப்ப மாட்டாதீங்க. மொதல்ல மோட்டார மட்டும் சும்மா ஓட்டிப் பாக்கணும்" என்றேன்.

முதலாளி திரும்பினார். "வெறும் ஓட்டமா?"

"எங்க யூனிட்டுல மொத ஓட்டம் வெறும் ஓட்டமா இருக்கக் கூடாதும்மா" என்றார் மேஸ்திரி. "மண்ணப் போட்டுதான் ஓட்டணும். மொத மண்ணு முன்வாயில வரணும். அதுலதான் புள்ளயாரு புடிச்சி சூள மேல வெப்போம். எந்த மெஷின் வந்தாலும் அப்பிடித்தான்."

"பக்கம் மாறிச் சுத்துனா மண்ணு முன்வாயில வராதுங்க. மேல வரும்."

"ஓ, நீ கட்டுன மோட்டாரு பக்கம் மாறி வேற சுத்துமா?"

ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "எவங்க கட்டுனாலும் சுத்தும்ங்க. எந்த எடத்துல மாட்டுறமோ அந்த எடத்துக் கரண்டப் பொறுத்து எந்தப் பக்கமும் சுத்தும். ரெண்டு வயர மாத்திக் குடுத்தா சரியாயிடும். ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். இது இந்தத் தொழிலில் முதல் பாடம். அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ராகு காலம் வருகிறது என்று முதலாளி வாட்சைப் பார்த்தார். அவர் சம்சாரம் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்க்காமல் பக் மில்லைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க செத்த வெளிய இருங்க. பூஜ முடிஞ்சதும் கூப்புடறேன்."

எதற்கு என்று கேட்கிற அளவுக்கு நான் குழந்தை இல்லை. பொட்டில்லாத நெற்றியோடு முதல் ஓட்டத்துக்கு எதிரில் நிற்கக் கூடாது. பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே முதலாளியின் அம்மாவும் எழுந்து வந்தார். அவர் நெற்றியும் என் நெற்றி மாதிரிதான். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே வந்தார்.

"வா, நாம அந்தப் பக்கம் ஒக்காருவோம்" என்றார். களிமண் மூட்டைகள் அடுக்கியிருந்த நிழலில் உட்கார்ந்தோம்.

"இந்த யூனிட்டோட மொத சூளய நான்தான் பத்த வெச்சேன். எங்க வூட்டுக்காரரு கொள்ளியக் கையில குடுத்து, நீ வைய்யின்னாரு" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒனக்கு வருத்தமா இல்லியா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க."

"எனக்கும் ரொம்ப நாளு தெரியாமத்தான் இருந்துச்சு" என்றார்.

உள்ளே தேங்காய் உடைத்த சத்தம் கேட்டது. கற்பூர வாசனை வந்தது. பிறகு ஸ்டார்ட்டர் விழுந்தது. மோட்டார் கிளம்பியது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முனகல் இல்லை, உதறல் இல்லை. எண்ணெய் ஊற்றி வழுக்கி விட்ட மாதிரி ஓடியது. நான் கட்டின மோட்டார் இன்றைக்கும் அப்படித்தான் ஓடும். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் அதைக் கேட்டிருப்பேன். உள்ளே கூச்சல் கிளம்பியது.

"ஏய், ஏய், மேல வருதுடா!"

"வாந்தி எடுக்குதுடா மெஷினு!"

"நிறுத்து, நிறுத்து!"

எழுந்து போய் வாசலில் நின்று பார்த்தேன். முன்வாயில் ஒரு துளி மண் இல்லை. போட்ட மண்ணையெல்லாம் திருகு மேல்நோக்கித் தள்ளி, மேல்வாய் நிறைந்து, மாலையைத் தூக்கிக்கொண்டு வெளியே பொங்கியிருந்தது. எலுமிச்சம்பழம் உருண்டு எங்கோ போயிருந்தது. ஒரு பெரிய மண் கட்டி தாம்பாளத்திலேயே விழுந்து குங்குமத்தை மூடிக்கிடந்தது. முதலாளியின் சம்சாரம் சேலையெல்லாம் மண்ணோடு சுவர் ஓரமாக நின்றாள். யாரோ ஸ்டார்ட்டரை நிறுத்தினார்கள்.

"மொத நாளே இப்பிடி ஆயிடுச்சே" என்றாள் அவள்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான் பொம்பள கை வெச்ச மோட்டாரு வேணாம்னு தலையால அடிச்சிக்கிட்டேன். வெளிய ஒக்காந்திருந்தும் பாருங்க வேலையக் காட்டிடுச்சு."

முதலாளி என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. "அதுல இனிமே கை வெக்காத. மோட்டாரக் கழட்டி வண்டியில ஏத்து. அந்தத் தம்பிய வந்து என்னப் பாக்கச் சொல்லு" என்றார். அதுவரைக்கும் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான், சாவி போயிற்று. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மத்தியானப் பஸ், டிரங்குப் பெட்டி, அடுப்படி மூலை எல்லாம் கண் முன்னால் வந்தன. ஆனால் எங்கோ வேறு ஒருத்தியின் வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு படபடக்கவில்லை. கோபம் வந்திருந்தால் வாய் பேசியிருக்கும், அழுகை வந்திருந்தால் கண் மறைத்திருக்கும். இரண்டும் வராததால் ஸ்டார்ட்டருக்கு மேலே இருந்த மூன்று ஃபியூஸ் கேரியர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளைப் பீங்கான். எங்கள் ஊரிலேயே செய்தது.

"ரெண்டு வயர மாத்திட்டா சரியாயிடும்ங்க" என்றேன்.

"சொன்னது காதுல விழலியா?"

"அவ சொன்னது ஒன் காதுலதான் விழல" என்று எனக்குப் பின்னால் குரல் கேட்டது. அவருடைய அம்மா. "வெறுமன ஓட்டிப் பாக்கணும், இல்லன்னா மண்ணு மேல வரும்னு முன்னியே படிச்சிப் படிச்சிச் சொன்னாளே. அவ சொன்ன மாதிரியேதான வந்திருக்குது? மாத்த வுடு."

"அம்மா, நீங்க வெளிய இருங்க."

"எல்லாம் ஆயிப்போச்சு. இனிமே நான் உள்ள இருந்தா என்னா, வெளிய இருந்தா என்னா" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் உள்ளே வந்து, பக் மில்லின் முன்வாய்க்கு நேர் எதிரில் நின்றார்.

நான் மூன்று ஃபியூஸையும் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தேன். சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் கழற்றி, இடம் மாற்றிக் கொடுத்து முடுக்கினேன். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு மேஸ்திரியிடம் சொன்னேன்.

"பெல்ட்டக் கழட்டுங்க."

"மறுபடியுமா?"

"இப்பவும் நான் வெறும் ஓட்டம்தான் ஓட்டுவேன்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தன் அம்மாவைப் பார்த்தார். பெல்ட் கழன்றது. ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன். மோட்டார் தனியாக ஓடியது. புல்லி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சரியான பக்கம். நிறுத்தி, பெல்ட்டை மாட்டச் சொல்லி, மறுபடி அழுத்தினேன். மேலே பொங்கி நின்ற மண் மெல்ல உள்ளே இறங்கியது. முதலில் முன்வாயில் கொஞ்சம் உடைந்து உடைந்து வந்தது. அப்புறம் தொடை தடிமனுக்கு, வழவழவென்று, நிற்காமல் வந்தது.

அந்த அம்மாள்தான் முதல் மண்ணைக் கிள்ளினார். யாரையும் கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, தும்பிக்கையை இழுத்துவிட்டு, பிள்ளையாரைக் கொண்டுபோய்ச் சூளை மேல் வைத்துவிட்டு வந்தார். மருமகள் தாம்பாளத்தைக் கழுவ எடுத்துப் போனாள்.

முதலாளி என்னிடம் நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று ஒரு சொல் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு நான் கிளம்புகிற சமயத்தில், மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னார். "கல்லு அரைக்கிற பால் மில்லு மோட்டாரும் ஒரு வாரமா முனகுதில்ல? அதயும் கழட்டி அந்தம்மா வண்டியிலயே ஏத்தி வுடு."

மேஸ்திரி முனகிக்கொண்டே ஏற்றினார். "பாத்து. இத எந்தப் பக்கம் சுத்த வெக்கப் போறீங்களோ" என்றார்.

"பால் மில்லு எந்தப் பக்கம் சுத்துனாலும் அரைக்கும்ங்க" என்றேன். அது நிசம்தான்; பால் மில் என்பது உள்ளே உருண்டைக் கல் போட்டு உருளுகிற பீப்பாய், எந்தப் பக்கம் உருண்டாலும் அரைக்கும். ஆட்கள் இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வண்டி கடை வாசலில் வந்து நின்றபோது அண்ணன் டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். தம்பி வண்டியில் இருந்த மோட்டாரைப் பார்த்தான். திரும்பி வந்தது பக் மில் மோட்டார் இல்லை, வேறு மோட்டார் என்பது அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"மழ நாள்ல பூட்டு இறுகிக்கும் அண்ணி. ரெண்டு சொட்டு எண்ண வுட்டுக்குங்க" என்றான்.

அண்ணனுக்குத்தான் புரியவில்லை. "என்னாது? பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார்.

"நான் வரலண்ணா. இந்த மோட்டாரக் கட்டணும்."

"கட்டிட்டு வா. நான் இருந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"இது முடிஞ்சா இன்னொண்ணு வரும்ண்ணா."

அவர் என்னையும் சாவியையும் பார்த்தார். சண்டை போடவில்லை. பெட்டியைத் தூக்கிக் கடைக்குள் கொண்டுபோய், சுவர் ஓரமாக வைத்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். திட்டக்குடி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தவர், "ஒண்டியா எப்பிடி இருப்ப? எதாவது ஒண்ணுன்னா…" என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். புருசனைப் பறிகொடுத்தவள் நான். அழுதவர் அவர். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அன்றைக்கும் அழுகை வரவில்லை.

"போயிட்டு வாங்கண்ணா" என்றேன். பஸ் கிளம்பியது.

அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஜெயித்தேன் என்று இப்போது சொல்கிறேன், நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. வழியில் காயில் கட்டுகிற நூல் தீர்ந்துபோயிருந்தது ஞாபகம் வந்து ஒரு கண்டு வாங்கினேன். கடைக்கு வந்து, தம்பி இறக்கி வைத்திருந்த பால் மில் மோட்டாரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு பக்கம் கருகியிருந்தது. உளியை வைத்து வெட்டினேன். முதல் கொத்துக் கம்பியை உருவி மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.